பின் அச்சின் பல் விகிதத்தை மாற்றுதல்: கணக்கு முதல் பழக்கி ஓட்டுவது வரை

பின் சில்லுகளால் உந்தப்படும் பழைய ஜப்பானிய கார் ஒன்றை வேகமாக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் எஞ்சினிலேயே கை வைக்கிறார்கள். காபரேட்டர், புகைக்குழாய், கேம் ஷாஃப்ட் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஆனால் பின் அச்சுக்குள் இருக்கும் இரண்டு பற்சக்கரங்களை மாற்றுவதால் கிடைக்கும் பலனை எஞ்சினுக்குள் தேடுவதானால் அதைவிடப் பன்மடங்கு செலவாகும். இந்த வழிகாட்டி அந்த இரண்டு சக்கரங்களை, அதாவது பெரிய கிரவுண் வீலையும் அதைச் சுற்றும் சிறிய பினியனையும், மட்டக்களப்பு அல்லது அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டே எப்படித் தெரிவு செய்வது, எப்படிப் பொருத்துவது என்பதைப் பற்றியது. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட கார் டொயோட்டா கொரோலா ஏஇ86. அதன் பின் அச்சில் டிபரன்சல் தலை, அதாவது இந்தப் பற்சக்கரங்களைத் தாங்கும் கூடு, முன்பக்கமாகத் தனியே கழன்று வரும் என்பதால் வேலை மேசையில் வைத்து அமைதியாகச் செய்யலாம். இதே அமைப்புள்ள பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் இங்கே சொல்லப்படும் முறை பொருந்தும், அளவுகளை மட்டும் அந்தந்த வாகனத்தின் கைந்நூலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விகிதத்தைத் தெரிவு செய்தல்

கிரவுண் வீலின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே இறுதி விகிதம். ஏஇ86 காரின் மனுவல் கியர் மாதிரிகளில் பரவலாக உள்ளது 43 பல்லும் 10 பல்லும் கொண்ட 4.3 ஆகும். அதற்குப் பதிலாகச் சந்தையில் கிடைக்கும் சோடிகள் 4.556 (41/9), 4.778 (43/9), 4.875 (39/8), 5.125 (41/8) ஆகியவை. எண் பெரிதாகும்போது சில்லில் கிடைக்கும் முறுக்குவிசை அதே வீதத்தில் கூடும்; ஒவ்வொரு கியரிலும் எட்டக்கூடிய வேகம் அதே வீதத்தில் குறையும். குதிரைவலு ஒரு சொட்டும் கூடுவதில்லை, அது எங்கே செலவாகிறது என்பது மட்டுமே மாறுகிறது.

தன் காரில் இப்போது உள்ள விகிதம் எது என்று தெரியாதவர், பின்பக்கத்தை உயர்த்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சில்லை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். வழுக்கல் கட்டுப்படுத்தும் டிபரன்சல் இருந்தால் இரண்டு சில்லுகளையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். இது அண்ணளவான முறைதான், 4.1 க்கும் 4.3 க்கும் இடையே ஐயம் வந்தால் திறந்து பல்லை எண்ணுவதே முடிவானது.

இனிக் கணக்கு. 185/60 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீற்றர். ஒரு சுற்றில் அது 1.81 மீற்றர் உருளும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு நிமிடத்துக்குச் சுமார் 918 முறை சுற்றும். ஏஇ86 கியர்ப்பெட்டியின் ஐந்தாம் கியர் 0.861 என்பதால், 4.3 விகிதத்தில் எஞ்சின் அவ்வேகத்தில் நிமிடத்துக்கு 3400 சுற்றில் இருக்கும். 4.778 ஐப் போட்டால் அது 3780 ஆகும், 5.125 ஐப் போட்டால் 4050 ஐத் தாண்டும். மறுபக்கத்தில், 7500 சுற்று வரை எஞ்சினை ஏற்றினால் முதல் கியரில் 53 கிலோமீற்றர் வேகம் வரை போன கார், 4.778 இல் 47.6 இலேயே இரண்டாம் கியரைக் கேட்கும். இரண்டாம் கியரின் எல்லை 94 இலிருந்து 84.5 ஆகக் குறையும்.

இந்த எண்களை நம்முடைய வீதிகளில் வைத்துப் பார்க்க வேண்டும். நகர எல்லைக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். நகரப் பகுதியில் 50. கிழக்கு மாகாணத்தில் அதிவேக நெடுஞ்சாலை இல்லை. ஆகவே உயர்ந்த வேகத்தை இழப்பது இங்கே இழப்பே அல்ல. மூன்றாம் கியரில் 70 இல் போகும்போது 4.3 விகிதத்தில் எஞ்சின் 3830 சுற்றில் சோம்பிக்கொண்டிருக்கும்; 4.778 இல் 4250 இல் இருக்கும். இந்தக் காரின் 4ஏ-ஜிஇ எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 5200 சுற்றில் வருகிறது என்பதால், செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியில் பிபிலையைத் தாண்டிய வளைவுகளில் இந்த வேறுபாட்டைக் கால் பெருவிரலாலேயே உணரலாம். தியத்தலாவையிலோ நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றத்திலோ பந்தயம் ஓட நினைப்பவருக்கு 4.875 அல்லது 5.125 பொருந்தலாம். ஆனால் அதே காரில் மாதம் ஒருமுறை பொலன்னறுவை, ஹபரணை வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கொழும்புக்குப் போகிறவர் 5.125 ஐப் போட்டால், இரைச்சலும் எரிபொருட் செலவும் அவரை விரைவில் சலிக்க வைக்கும். என் தெரிவு, வீதிக்கும் விளையாட்டுக்கும் ஒரே காரை வைத்திருப்பவருக்கு 4.556, வீதிப் பாவனை குறைவென்றால் 4.778.

டயரை மறந்துவிட்டுக் கணக்குப் போடக்கூடாது. 195/60 ஆர்14 போட்டிருந்தால் அது முன்னையதைவிட இரண்டு சதவீதம் உயரமானது. விகிதத்தை மாற்றிப் பெற்ற பலனிலிருந்து அந்த இரண்டு சதவீதத்தை டயர் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

பாகங்களும் கருவிகளும்

கிரவுண் வீலும் பினியனும் தொழிற்சாலையில் சோடியாகவே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே சோடி எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்; ஒன்றை இங்கும் மற்றதை அங்குமாக எடுத்துச் சேர்த்தால் எந்த ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) அதைச் சரிசெய்யாது. இத்துடன் பினியன் பேரிங் இரண்டு, பக்கப் பேரிங் இரண்டு, பினியன் சீல், நசுங்கும் ஸ்பேசர் (பினியன் பேரிங்குகளுக்கு இடையே நட்டை இறுக்கும்போது நசுங்கும் குழாய்), புதிய பினியன் நட்டு, அக்சில் சீல்கள், பல தடிப்புகளில் பினியன் ஷிம்கள், பக்கிங் ஆகியவற்றையும் வாங்க வேண்டும். ஷிம் தொகுப்புத்தான் கிடைப்பதற்கு அரிது. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தைக்கு ஆள் போகும்போது பற்சக்கரத்தை விட முதலில் அதை விசாரிக்கச் சொல்வது நல்லது, ஏனெனில் ஒரு ஷிம் இல்லாமல் கார் ஸ்டாண்டில் இரண்டு கிழமை நிற்க நேரிடும்.

வேண்டிய விகிதத்திலேயே ஒரு முழு டிபரன்சல் தலை ரீகண்டிஷன் பாகமாகக் கிடைத்தால், அதன் பல்லும் பேரிங்கும் நன்றாக இருந்தால், அதை அப்படியே வாங்கி மாற்றுவதே பெரும்பாலானோருக்கு அறிவுள்ள வழி. தொழிற்சாலையில் செய்த அளவமைப்பு குலையாமல் வரும். வாங்கும்போது பக்கப் பற்சக்கரத்தின் உட்பள்ளங்களின் எண்ணிக்கை உங்கள் அக்சிலோடு ஒத்துப்போகிறதா, பினியன் தட்டின் ஆணித் துளைகள் உங்கள் புரொப்பல்லர் ஷாஃப்டோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். ஆனால் 4.778 உம் அதற்கு மேலும் அவ்வாறு கிடைப்பது அரிது என்பதால், கீழே உள்ள வேலை பலருக்குத் தவிர்க்க முடியாதது.

கருவிகளில் மூன்றை விட்டுக்கொடுக்க முடியாது: காந்த அடியுடைய டயல் கேஜ், பெரிய ஆணிகளுக்கான டோர்க் ரெஞ்ச், மிகச் சிறிய முறுக்குவிசையை அளக்கும் இன்னொரு டோர்க் ரெஞ்ச். மூன்றாவது பல கராஜ்களில் இருக்காது. கையால் சுற்றிப் பார்த்தே இறுக்கம் தெரியும் என்று சொல்லும் அனுபவசாலிகள் உண்டு, சிலருக்கு உண்மையிலேயே தெரியும். உங்கள் காரில் அதைச் சோதிக்க வேண்டியதில்லை. பேரிங் கழற்றவும் ஏற்றவும் பிரஸ் தேவை. அதற்குக் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உள்ள லேத் பட்டறை ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

கழற்றுதல்

கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து வளவுகள் மணல் நிலம். ஸ்டாண்ட் மணலில் ஒரு பக்கமாகப் புதையும். சீமெந்துத் தரை இல்லாவிட்டால் தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட்டு, அதன் மேல் ஸ்டாண்டை நிறுத்தி, முன் சில்லுகளுக்கு அடை கொடுத்த பிறகே கீழே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காருக்குக் கீழே படுக்கக் கூடாது.

ஒயிலை வடித்துவிட்டுச் சில்லுகளையும் பிரேக் பாகங்களையும் அகற்றுங்கள். அக்சிலின் பேரிங் தட்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளைக் கழற்றினால் அக்சில் வெளியே வரும். வராவிட்டால் சறுக்குச் சுத்தியல் வைத்து இழுக்க வேண்டும். கடற்காற்றுப் படும் கார்களில் இந்த நட்டுகள் துருப்பிடித்து ஆணியோடு ஒன்றாகிவிட்டிருக்கும்; முதல் நாள் மாலையிலேயே ஊடுருவும் எண்ணெய் தெளித்து வைத்தால் காலையில் வேலை சுமுகமாகும். புரொப்பல்லர் ஷாஃப்டின் தட்டுக்கும் பினியன் தட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது புதிதாக ஓர் அதிர்வு சேர்ந்துவிடும். பிறகு டிபரன்சல் தலையைச் சுற்றியுள்ள நட்டுகளை அகற்றி, கீழே ஜக்கைத் தாங்கு கொடுத்து, இரண்டு பேராக அதை இறக்குங்கள்.

மேசையில் வைத்ததும் உடனே பிரிக்க வேண்டாம். பழைய சோடியின் பல்லிடைத் தளர்வை டயல் கேஜால் அளந்து எழுதி வையுங்கள். பல்லில் நிறம் பூசித் தொடுகைத் தடத்தையும் படமெடுத்து வையுங்கள். இந்தக் கூடு நல்ல நிலையில் எப்படி ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி. பக்கப் பேரிங் மூடிகள் கூட்டோடு சேர்த்தே கடையப்பட்டவை. இடது, வலது, மேல், கீழ் எல்லாவற்றுக்கும் குத்துளியால் (பஞ்ச்) அடையாளமிட்ட பின்னரே கழற்ற வேண்டும்.

கிரவுண் வீலை ஏற்றுதல்

பழைய கிரவுண் வீலின் ஆணிகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்திச் சக்கரத்தை இறக்குங்கள். இருக்கை முகத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் புதிய சக்கரம் ஆடும் என்பதால், நுண்ணிய கல்லால் தேய்த்து, துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புதிய சக்கரத்தைக் கொதிநீரில் போட்டு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அது விரிந்து இலகுவாக அமரும். சுவாலையால் சூடாக்குவது பல்லின் கடினத்தைக் கெடுக்கும். ஆறிய பிறகு ஆணிகளை எதிரெதிராக மூன்று கட்டங்களில் இறுக்குங்கள். இந்தத் தலையில் இறுதி அளவு ஏறத்தாழ 97 நியூற்றன் மீற்றர். பூட்டுத் தகடு உள்ள வகையென்றால் புதிய தகடு போட்டு மடியுங்கள். பின்பக்க முகத்தில் டயல் கேஜை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் 0.07 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் மேலே போகாமல் கழற்றி மறுபடி துடையுங்கள்.

பினியன்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பினியனின் தலைக்கும் பின் பேரிங்குக்கும் இடையே இருக்கும் ஷிம்மின் தடிப்பே, பினியன் கிரவுண் வீலின் மையத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. தடித்த ஷிம் நெருங்க வைக்கும். மெல்லிய ஷிம் விலக வைக்கும். தொடக்கத்துக்குப் பழைய பினியனில் இருந்த ஷிம்மை மைக்ரோமீற்றரால் அளந்து அதே தடிப்பைப் போடுங்கள். அது சரியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்காக அல்ல, எங்கிருந்து திருத்துகிறோம் என்று தெரிவதற்காக.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் பேரிங்கை பிரஸ்ஸில் வைத்துக் கழற்றினால் புதிய பேரிங் பாழாகும், லேத் பட்டறைக்குப் போய்வருவதிலேயே நாள் கழியும். ஆகவே கழற்றிய பழைய பேரிங், புதியதன் அதே தயாரிப்பும் இலக்கமுமாக இருந்தால், அதன் உள்வளையத்தைக் கையால் வழுக்கி ஏறும் அளவுக்குத் தேய்த்துத் தரும்படி கேளுங்கள். பரீட்சைக்கு அதைப் போட்டு, ஷிம் முடிவான பின்னரே புதிய பேரிங்கை பிரஸ் செய்யலாம்.

பரீட்சைக் கட்டத்தில் நசுங்கும் ஸ்பேசரையும் சீலையும் போட வேண்டாம். அவை இல்லாமலே நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, பினியனைச் சுற்றத் தேவையான விசை கைந்நூல் சொல்லும் முன் இறுக்க (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்) அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். இந்த அளவுடைய அச்சுகளில் அது புதிய பேரிங்குக்கு 1 நியூற்றன் மீற்றரை ஒட்டிய, மிகச் சிறிய அளவே. பழகிய பேரிங்குக்கு அதில் பாதி. ஸ்பேசர் இல்லாத நிலையில் நட்டு ஒரு நூலளவு கூடினாலும் பேரிங் இறுகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

தளர்வும் தொடுகைத் தடமும்

கிரவுண் வீல் தாங்கியைக் கூட்டில் வைத்து, மூடிகளைப் போட்டு, இருபுறத் திருகு வளையங்களையும் ஏற்றுங்கள். சில கூடுகளில் வளையத்துக்குப் பதிலாகத் தடித்த வாஷர் இருக்கும், கொள்கை ஒன்றே. டயல் கேஜின் முனையைக் கிரவுண் வீல் பல்லின் வெளிமுனைக்குச் செங்குத்தாக வைத்து, பினியனை அசையாமல் பிடித்து, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால் தளர்வு தெரியும். 0.13 முதல் 0.18 மில்லிமீற்றருக்குள் வரவேண்டும். கூடினால் கிரவுண் வீலைப் பினியனை நோக்கி நகர்த்த வேண்டும். ஒருபக்க வளையத்தை எவ்வளவு தளர்த்துகிறீர்களோ மறுபக்கத்தை அவ்வளவே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கப் பேரிங்கின் இறுக்கம் மாறிப்போகும். சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். இடத்துக்கு இடம் பெரிதாக மாறினால் குற்றம் தளர்வில் இல்லை, சக்கரம் நேராக அமரவில்லை.

அடுத்து, சுற்றளவில் மூன்று இடங்களில் மூன்று நான்கு பற்களுக்குச் சிவப்பு ஈயப் பூச்சையோ தடம் பார்க்கும் மஞ்சள் பசையையோ மெல்லியதாகப் பூசி, கிரவுண் வீலைக் கையால் சற்றுத் தடுத்தபடி பினியனை இரு திசையிலும் பலமுறை சுற்றுங்கள். தடுக்காமல் சுற்றினால் தடம் மங்கலாக விழுந்து, பார்ப்பவர் விரும்பியதையெல்லாம் காட்டும். பல்லின் குவிந்த பக்கம் முன்னோக்கி இழுக்கும்போது வேலை செய்வது. குழிந்த பக்கம் காலை எடுத்து வேகம் குறையும்போது வேலை செய்வது. முதலில் குவிந்த பக்கத்தைப் பாருங்கள். நல்ல தடம் பல்லின் உயரத்தில் நடுவாகவும், நீளத்தில் நடுவிலோ சற்று உள்முனைப் பக்கமாகவோ, ஓரங்களைத் தொடாமல் நீள்வட்டமாக இருக்கும்.

தடம் பல்லின் உச்சியை ஒட்டி விழுந்தால் பினியன் மையத்திலிருந்து விலகி நிற்கிறது. தடித்த ஷிம் வேண்டும். பல்லின் அடியில் விழுந்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது. மெல்லிய ஷிம் வேண்டும். உயரம் சரியாக இருந்து நீளத்தில் மட்டும் வெளிமுனைக்கோ உள்முனைக்கோ ஒதுங்கியிருந்தால், அது பெரும்பாலும் தளர்வோடு சேர்ந்தது: கிரவுண் வீலைப் பினியனை நோக்கித் தள்ளினால் தடம் உள்முனைக்கு நகரும், விலக்கினால் வெளிமுனைக்கு. ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் ஷிம்மால் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும், பிறகு வளையங்களால் தளர்வைச் சரிசெய்து நீளத்தைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே முறையில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் குழம்புவீர்கள். ஷிம்மை மாற்றும் ஒவ்வொரு முறையும் தளர்வும் மாறும் என்பதால் அதைத் திரும்ப 0.15 அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்த தடத்தை எடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஷிம்மை 0.10 மில்லிமீற்றர் அளவில் துணிந்து மாற்றினால் தடம் எந்தத் திசையில் நகருகிறது என்பது தெளிவாகத் தெரியும். நல்ல இடத்துக்கு அருகில் வந்ததும் 0.03, 0.05 என்று குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடத்தையும் ஷிம் அளவோடு எழுதிப் படமெடுத்து வைப்பது வெறும் ஒழுங்குக்காக அல்ல; நாலாவது தடத்துக்கு மேல் நினைவு ஏமாற்றும்.

இரு பக்கமும் ஒரே நேரத்தில் முழுமையாக அமையாத சோடிகளும் உண்டு. அப்போது குவிந்த பக்கத்துக்கே முன்னுரிமை.

இறுதிப் பூட்டு

ஷிம் முடிவானதும் புதிய பேரிங்கை பிரஸ் செய்து, புதிய நசுங்கும் ஸ்பேசர், சீல், புதிய நட்டு ஆகியவற்றோடு பினியனைப் பூட்டுங்கள். ஸ்பேசர் நசுங்கத் தொடங்கப் பெருவலிமை வேண்டும். தட்டை நீண்ட இரும்புக் கம்பியால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் தேவை. நசுங்கத் தொடங்கிய பிறகு முன் இறுக்கம் திடீரென்று ஏறும், ஆகவே நட்டைச் சிறு சிறு பாகைகளாக மட்டும் திருப்பி ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். அளவு தாண்டிவிட்டால் நட்டைப் பின்னோக்கித் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது. நசுங்கிய ஸ்பேசர் திரும்ப விரியாது, பினியன் தளர்ந்தே நிற்கும். இன்னொரு புதிய ஸ்பேசர் போட்டுத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். இதற்காகவே இரண்டு ஸ்பேசர் வாங்கி வைப்பது நல்லது.

பின்னர் கிரவுண் வீலை மறுபடி ஏற்றி, மூடிகளை கைந்நூல் அளவுக்கு இறுக்கி, தளர்வையும் தடத்தையும் கடைசியாக ஒருமுறை பார்த்து, வளையப் பூட்டுகளைப் போட்டு, பினியன் நட்டின் விளிம்பைத் தட்டிப் பூட்டுங்கள். அச்சுக் குழாய்க்குள் பழைய உலோகத் துகள்கள் தங்கியிருக்கும். அதைக் கழுவித் துடைக்காமல் தலையை ஏற்றினால் புதிய பேரிங்குகளுக்கு அதுவே முதல் உணவு. ஏபிஐ ஜிஎல்-5 தரத்தில் எஸ்ஏஇ 90 கியர் ஒயிலை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள், ஏறத்தாழ 1.3 லீற்றர் பிடிக்கும். வழுக்கல் கட்டுப்படுத்தும் டிபரன்சலுக்கு அதற்கென்ற ஒயில் வேண்டும்.

அச்சின் மேலுள்ள காற்றுத் துளை மூடியையும் இதே நேரத்தில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை நம் பகுதியில் வீதி நீரில் மூழ்குவது வழக்கம். சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் அந்தத் துளை வழியாகவும் நீரை உறிஞ்சும். துளைக்கு ஓர் இறப்பர்க் குழாய் பூட்டி உடலின் உயரமான இடத்துக்குக் கொண்டுபோவது சிறு செலவு. வெள்ளத்தில் போய்வந்த பின் ஒயில் பால் நிறமாக இருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

பழக்கி ஓட்டுதல்

முதல் ஓட்டம் 15 முதல் 20 நிமிடம் வரை மென்மையாக இருக்க வேண்டும். அதன் பின் அச்சு முழுவதும் ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். புதிய பற்கள் ஒன்றோடொன்று தேய்ந்து அமரும்போது சாதாரணத்தைவிட அதிகம் சூடாகும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிய கரையோர வீதி சந்தை, பாடசாலை, பஸ் என்று நிறுத்தி நிறுத்திப் போகும் வீதியாதலால் இதற்கு உகந்ததல்ல. வாழைச்சேனைப் பக்கமாகச் செல்லும் ஏ15 வீதி சமதரையாகவும் திறந்ததாகவும் இருக்கும்; அந்த அளவு நேரம் போய், ஆறவிட்டு, திரும்பி வரலாம். மாலை மங்கும் நேரத்தில் மாடுகள் வீதியில் படுக்கும் என்பதால் காலையே நல்லது. முதல் 800 கிலோமீற்றர் வரை முழு ஆக்சிலரேட்டர், சுமை இழுத்தல், மலையேற்றம் எதுவும் வேண்டாம். அதன் முடிவில் ஒயிலை வடித்துக் காந்த முனையைப் பாருங்கள். நரைத்த மென்பசை இயல்பு. விரலில் உறுத்தும் சிராய் இயல்பல்ல.

சத்தத்தையும் கவனியுங்கள். இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் அல்லது காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் தடம் சரியாக அமையவில்லை. எப்போதும் ஒரே சீராக உறுமினால் பேரிங். கியர் மாற்றும்போது அடித்தால் தளர்வோ புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டோ காரணம். தடித்த ஒயில் ஊற்றினால் ஊளை அடங்கும் என்று சொல்லப்படுவதுண்டு. அடங்குவது சத்தம் மட்டுமே. பல் தேய்ந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக வேகமானி. ஏஇ86 காரில் அது கியர்ப்பெட்டியின் வெளிச்செல்லும் ஷாஃப்டிலிருந்து ஓட்டப்படுவதால், 4.3 இலிருந்து 4.778 க்குப் போன கார் உண்மையில் 63 இல் போகும்போது முள் 70 ஐக் காட்டும். ஓடிய தூரமும் 11 சதவீதம் கூடுதலாகப் பதிவாகும். கியர்ப்பெட்டியில் கேபிள் பூட்டப்படும் இடத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பல் எண்ணிக்கை கூடியதாக மாற்றினால் பெரும்பகுதி சரியாகும். எவ்வளவு பிழை மிஞ்சுகிறது என்பதை நெடுஞ்சாலையின் கிலோமீற்றர் கல்லுகளுக்கு இடையே பத்துக் கிலோமீற்றர் ஓடித் தூரமானியோடு ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டைச் சேவைப் புத்தகத்தில் விகிதத்தோடும் ஷிம் அளவோடும் சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த அச்சைத் திறப்பவருக்கு அந்த மூன்று எண்களும் வேண்டியிருக்கும்.